சமோதிக்கு விளங்கும்படி

பிப்ரவரி 23, காங்கேசன்துறை

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்காரர் வீட்டுப் பெண் கடலில் வாந்தி எடுத்தால் ஊர் சிரிக்கும்.

வேடிக்கை என்னவென்றால் நான் இந்தத் தண்ணீரைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை. அப்பா வாரத்தில் மூன்று நாள் தாண்டுகிறார். எனக்கு பாஸ்போர்ட், விசா, கல்லூரிக் கடிதம், மருத்துவச் சான்று எல்லாம் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு டீசல் போதும்.

மதுரையில் சட்டம் நாலாம் ஆண்டு படிக்கும் நான் மாணவர் பரிமாற்றத்தில் ஒரு பருவம் யாழ்ப்பாணத்தில் படிக்கப்போகிறேன். அடுத்த பருவம் இங்கிருந்து ஒருவர் எங்கள் கல்லூரிக்கு வருவார். பேச்சுப் போட்டிகளில் வென்றவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சரியான தேர்வு.

பிப்ரவரி 25

வகுப்பில் எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். "என் பேர் லெத்தீசியா. அப்பா பேர் ரேமண்ட், சொந்தமா விசைப்படகு வச்சிருக்காரு" என்றேன். ஊரில் அந்த வாக்கியத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. இங்கே தலைகள் திரும்பின.

"றோலரோ?" என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ட்ராலர்தான்."

அவள் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். அந்த ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. நான் பின்னால் போய் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் றெஜினா. பூவரசந்துறை என்ற மீனவக் கிராமத்துப் பெண்.

எனக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 1

பிரெட்டுக்கு இங்கே பாண் என்று பேர். பாண், சம்பல். பாண், பருப்பு. பாண்.

மார்ச் 4

சிவகௌரி மிஸ் செய்முறைப் பாடத்துக்குக் குழு பிரித்தார். மூவர் சேர்ந்து ஒரு ஊருக்குப் போய், அங்குள்ள ஒரு பிணக்கை எடுத்து, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் நான், றெஜினா, சமோதி.

சமோதி மாத்தறையிலிருந்து வந்திருக்கும் சிங்களப் பெண். விரும்பித் தமிழ் படிக்கிறாள். எதற்கும் முதலில் "எனக்குத் தமிழ் காணாது, மன்னியுங்கோ" என்பாள், தமிழ் போதாது என்று. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள்.

என்ன பிணக்கு என்று மிஸ் கேட்டதும் றெஜினா, "எங்கட ஊர், இந்திய றோலர்" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே.

"தாராளமா எடுக்கலாம். இந்தத் தலைப்புல ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கேன்" என்றேன்.

"இது விவாத மேடை இல்லை, லெத்தீசியா. ரெண்டு பக்கத்தையும் கேக்கிற மன்றம். இதில ஒருத்தரும் வெல்லுறேல்ல" என்றார் மிஸ்.

யாருமே ஜெயிக்காத ஒன்றுக்கு எதற்கு மதிப்பெண் என்று கேட்க நினைத்தேன். புதிதாக வந்த இடம், கேட்கவில்லை.

மார்ச் 9

றெஜினா வீட்டுக்குப் போனோம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். அவள் அப்பா யேசுதாசன் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், குரல் மட்டும் சின்னது. றெஜினா என்னை என்ன சொல்லி அறிமுகப்படுத்துவாள் என்று காத்திருந்தேன். "இவ றோலர்காரற்ற மகள்" என்றாள்.

அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "இருங்கோ பிள்ளை. பிளேன்ரீ குடிப்பியளோ?" என்றார்.

பிறகு கேட்டார்: "அப்பான்ர போட் எத்தினை அடி?"

சொன்னேன். எஞ்சினையும் சொன்னேன். போன வருடம் புது வின்ச் மாற்றியதையும் சொன்னேன். அவர் உண்மையாகவே ஆர்வத்தோடு கேட்டார். "வடிவான போட்டாத்தான் இருக்கும்" என்றார்.

சாப்பாட்டில் அவள் அம்மா பிலோமினா, பள்ளிக்கூடம் போகும் தன் மகனைத் தாண்டி, பெரிய துண்டு மீனை என் தட்டில் வைத்தார். றெஜினா அதைப் பார்த்துவிட்டாள். பேருந்தில் திரும்பும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமோதி மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் கடலை கொடுத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 16

துணி துவைத்தேன். இந்த வாரமும் பூவரசந்துறைக்குப் போய் இரவு தங்கினேன். விடுதிச் சாப்பாடு சரியில்லை என்பதுதான் காரணம். பிலோமினா அன்ரியின் கணவாய்க் கறிக்கும் பிணக்குக்கும் சம்பந்தம் இல்லை.

றெஜினா இப்போது பேசுகிறாள். "உப்பு வேணுமோ", "அந்தப் பக்கம் படு" என்ற அளவுக்கு.

மார்ச் 20

பாட வேலைக்காக நேற்றே வந்திருந்தோம். காலையில் கரையில் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தால் சத்தமே இல்லை. அதனால்தான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

யேசுதாசன் அங்கிளின் படகு வந்திருந்தது. மூன்று வலை போட்டிருந்தார். ஒன்றின் பாதிதான் திரும்பி வந்திருந்தது. அதுவும் நார்நாராக. மற்ற இரண்டும் இல்லை. மிதவை ஒன்று மட்டும் நடுவில் பிளந்து கிடந்தது. சுற்றியும் ஆட்கள் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. அங்கிள் மணலில் உட்கார்ந்து கிழிந்ததில் எது தேறும் என்று பிரித்துக்கொண்டிருந்தார். பிலோமினா அன்ரி தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போனது.

றெஜினா என்னிடம் வந்தாள். "சொல்லு. உனக்குத்தானே நல்ல வாய் இருக்கு" என்றாள்.

என்னிடம் பதில் இருந்தது. அந்த நேரத்துக்குப் பொருத்தமாக இல்லை, அவ்வளவுதான்.

மாலையில் அப்பா கூப்பிட்டார். சந்தோஷமாக இருந்தார். "லெத்தி, நேத்து ராத்திரி நல்ல பாடு. அந்தத் தீவுப் பக்கம் வரைக்கும் போனோம். எறாலு மட்டும் அவ்வளவு" என்றார். வாழ்த்துச் சொன்னேன்.

பிறகு றெஜினா வீட்டுப் பாத்திரங்களைக் கழுவினேன். கழுவியிருந்ததையும் கழுவினேன்.

மார்ச் 23

அப்பா கூப்பிட்டார். சிக்னல் சரியில்லை.

மார்ச் 26

சிக்னல் சரியில்லை.

மார்ச் 29

அம்மாவோடு வெகு நேரம் பேசினேன். அம்மா கூப்பிடும்போது மட்டும் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது.

ஏப்ரல் 5

பூவரசந்துறை மீனவர் சங்கக் கட்டடத்தில் மன்றம் கூடியது. உட்கார இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள். நான் ஒரு தரப்பு, றெஜினா ஒரு தரப்பு. இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளக்கூடிய தலைவி சமோதி ஒருத்திதான். ஒரு சிங்களப் பிள்ளை தங்கள் சங்கத்தில் தலைவர் நாற்காலியில் உட்காருவதைச் சிலர் முறைத்துப் பார்த்தார்கள்.

சமோதி எழுந்தாள். "எனக்குத் தமிழ் காணாது, மன்னியுங்கோ. எனக்கு விளங்கினால்தான் நான் எழுதுவன். அதனால மெதுவா, ஒவ்வொரு ஆளா கதையுங்கோ. கோபமா கதைச்சா எனக்கு ஒன்றும் விளங்காது."

யாரோ சிரித்தார்கள். ஆனால் அதுதான் வேலை செய்தது. கோபத்தோடு எழுந்த ஆட்கள் அவளுக்காகச் சொற்களைத் தேடினார்கள். தேடும்போது குரல் தானாக இறங்கியது.

என் முறை வந்தது. நன்றாகத் தயாரித்திருந்தேன். எங்கள் பக்கம் கடல் குறுகியது, படகுகள் அதிகம், கச்சத்தீவு அந்தோணியார் கோயில் கட்டிய காலத்திலிருந்தே இரண்டு கரையும் ஒரே கடலில்தான் பிடித்தது, பாரம்பரிய மீன்பிடி உரிமை, தண்ணீரில் கோடு கிடையாது. மதுரையில் இந்த இடத்தில் கைதட்டு விழும்.

"பாரம்பரிய உரிமை எண்டா?" என்றாள் சமோதி.

"காலங்காலமா செஞ்சு வர்றத தொடர்ந்து செய்யுற உரிமை."

"அப்ப முந்தியும் றோலர் இருந்ததோ?"

"முன்னாடி இல்ல. பாய்மரம்."

"அப்ப எது காலங்காலமா?"

இன்னொரு வாக்கியம் சொன்னேன். நீளமான வாக்கியம். "விளங்க இல்லை" என்றாள் அவள். கேலி இல்லை. நிஜமாகவே பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். நான் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து ஒரு இளைஞன், "இருபதாம் திகதி வந்தது இவவின்ர தேப்பன்ர போட்தான். நம்பரை வச்சுப் பாத்தாச்சு. ரேமண்ட் எண்டு பேர் எழுதி, அந்தாள்தான் குற்றவாளி எண்டு தீர்மானம் போடுங்கோ" என்றான். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

சமோதி எழுதவில்லை. "ரேமண்ட் இங்க இல்லை. இல்லாத ஆளைப் பற்றி நாங்கள் முடிவு எடுக்க ஏலாது."

"கடலில எங்களைக் கேட்டே வெட்டினவை?" என்று அவன் கத்தினான். கூட்டம் முழுக்க எழுந்தது.

யேசுதாசன் அங்கிள் எழுந்தார். அந்தச் சின்னக் குரலில், "அவை கேக்கேல்ல. அதுக்காக நாங்களும் கேக்காமல் விடுறதோ? பிள்ளை சொல்லுறது சரி. அந்தாளையும் கேப்பம்" என்றார்.

மன்றம் ஒத்திவைக்கப்பட்டது. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது என்று முடிவு. அழைப்பது என் பொறுப்பு.

ஏப்ரல் 6

இன்று சிக்னல் இருந்தது.

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் என்ன குத்தவாளியா, கூண்டுல ஏறி நிக்க? உன்னயப் படிக்க அனுப்பினேனா, பஞ்சாயத்து வைக்க அனுப்பினேனா?" என்றார்.

"உங்கள யாரும் குத்தவாளின்னு சொல்லலப்பா. சொல்ல விடலை. அதுக்குத்தான் கூப்பிடுறாங்க."

"வேற வேலையிருந்தா பாரு."

"அப்பா, மார்ச் இருபது சாயங்காலம் நீங்க நல்ல பாடுன்னு சொன்னீங்கள்ல? அந்த இடத்துல ஒருத்தர் வலை போட்டிருந்தாரு. அவரு வீட்டுலதான் நான் வாராவாரம் சாப்பிடுறேன்."

அப்பா வைத்துவிட்டார்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள் என்பதே எனக்கு இங்கு வந்துதான் தெரியும். சமோதி ஊரிலிருந்து பாற்சோறும் கொக்கிஸ் என்ற பலகாரமும் கொண்டுவந்தாள். பூவரசந்துறையில் சாப்பிட்டோம்.

இன்று நள்ளிரவோடு எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஊரில் அது ஒரு சோர்ந்த காலம். படகுகள் கரையேறிவிடும், ஆண்கள் காரணமில்லாமல் வீட்டில் சண்டை போடுவார்கள். இங்கே யேசுதாசன் அங்கிள் கடன் வாங்கிய வலையை மடித்துக்கொண்டே, "இனி ரெண்டு மாசம் எங்களுக்குப் பெருநாள், பிள்ளை" என்றார். குத்திக்காட்டவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

தடைக்காலத்துக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பரீட்சைக்குக்கூட யாரும் இதைக் கேட்டதில்லை.

ஏப்ரல் 22

அப்பாவிடமிருந்து குறுஞ்செய்தி. "ஞாயிறு எத்தனை மணிக்கு."

ஏப்ரல் 27

சங்கக் கட்டடத்தில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டரில் அப்பாவின் முகத்தைப் பெரிதாகத் தெரியவைத்தோம். படகு மராமத்து நடக்கும் இடத்திலிருந்து பேசினார். பின்னால் எங்கள் படகு பெயின்ட் உரிந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் போய் வேட்டியின் ஓரத்தைத் தட்டிவிட்டேன். தூசி.

வழக்கம்போல உரத்த குரலில் ஆரம்பித்தார். டீசல் விலை, பிடிபட்ட படகுகள், வேலையில்லாத ஆட்கள். சமோதி கையை உயர்த்தினாள்.

"ஐயா, மன்னியுங்கோ. எனக்குத் தமிழ் காணாது. மெதுவா."

அப்பா நிறுத்தினார். "நீ எந்த ஊரும்மா?"

"மாத்தறை. எனக்கு மீன்பிடி தெரியாது. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். றோலர் எண்டா என்ன செய்யும்? சொல்லுங்கோ."

அப்பாவுக்கு இது பிடித்த விஷயம். படகைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்குக் கோபம் மறந்துவிடும். கையால் காட்டினார். "மடின்னு ஒண்ணு இருக்கும்மா. பெரிய பை மாதிரி. ரெண்டு பக்கமும் பலகை. கீழ இறக்கிவிட்டா பலகை விரிஞ்சு, மடி வாயத் தொறந்துக்கும். படகு இழுக்கும். அடியில உள்ளத எல்லாம் வாரிக்கிட்டு வரும்."

"எல்லாம் எண்டா?"

"எறாலு, நண்டு, கணவா."

"வேற?"

"குஞ்சு மீனும் வரும். பாசி, சங்கு, கல்லு…"

"வேற ஆக்களின்ர வலை?"

அவள் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அடுத்து என்ன எழுதுவது என்பதற்காகக் கேட்டாள். அப்பா கேமராவைப் பார்த்தார். பின்னால் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"அதுவுந்தாம்மா" என்றார்.

சமோதி அதை எழுதிக்கொண்டாள். றெஜினா என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என் கையைப் பிடித்தாளா, நான் பிடித்தேனா, தெரியவில்லை.

யேசுதாசன் அங்கிள் முன்னால் வந்தார். "ரேமண்ட் அண்ணை, நான்தான் அந்த வலைக்காரன்."

"தெரியும். புள்ள சொல்லுச்சு." அப்பா தொடர்ந்தார்: "கண்ணால பாத்து வெட்டலப்பா. ராத்திரியில தெரியாது. ஆனா அங்க வலை இருக்கும்னு தெரியும். தெரியாதுன்னு சொன்னா பொய்யி."

"ஓம்."

"என் படகுக்கு மட்டும் சொல்றேன். தடை முடிஞ்சா அது உங்க பக்கம் வராது. மத்தவங்களுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"காணும்" என்றார் அங்கிள். பிறகு, "உங்கட மகள் இஞ்ச வடிவாச் சாப்பிடுறா. யோசியாதேங்கோ" என்றார்.

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

மே 11

மிஸ் எங்கள் குழுவுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார். சமோதி எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தனியாக எழுதிய குறிப்பு: "நீ பேச்சை நிறுத்தி உட்கார்ந்த இடம் நன்றாக இருந்தது." முதலில் திட்டு என்று நினைத்தேன்.

ஜூன் 8, கப்பலில்

காங்கேசன்துறைக்கு இருவரும் வந்திருந்தார்கள். சமோதி அழுதுகொண்டே, "அழுகைக்குத் தமிழில நிறையச் சொல் இருக்கு, எனக்கு ஒன்றுதான் தெரியும்" என்றாள். றெஜிதான் ஜூலையில் மதுரைக்கு வரப்போகும் மாணவி. போன வாரம் உறுதியாயிற்று.

"உங்கட சங்கத்தில என்னைக் கதைக்க விடுவினமோ?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா விடுவாங்க" என்றேன். எங்கள் விசைப்படகு சங்கத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் பேசியதில்லை என்பதைச் சொல்லக் கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 16

தடை முடிந்து படகுகள் போய் வந்தன. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்கள் படகு இந்தப் பக்கக் கடலிலேயே மடி இழுத்தது. பாடு சொற்பம். டிரைவர் ஸ்டீபன் அண்ணன், "அண்ணே, எனக்கும் குடும்பம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வேறு படகுக்குப் போய்விட்டார். அம்மா சோறு போடும்போது கரண்டியைச் சத்தமாக வைக்கிறாள். அப்பா என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

ஜூன் 22

அப்பாவைச் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் போய் வாசலில் நின்றேன்.

தலைவர் அம்புரோஸ் மாமா, "ரேமண்டு, அந்தப் பக்கத்துக்காரன்கிட்ட நம்மளக் காட்டிக் குடுத்துட்ட. உன்ன நீக்கணும்னு சொல்றாங்க" என்றார்.

அப்பா எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "நம்ம சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவங்களப் பத்திப் பேசுறோம். அவங்க ஒருத்தரும் இங்க இருந்ததில்ல. அவங்க என்னப் பத்தி முடிவு பண்ண உக்காந்தாங்க. ஆளு இல்லன்னு நிறுத்திட்டு, என்னயக் கூப்பிட்டுக் கேட்டாங்க. நம்மளும் ஒரு தடவ கேட்டுட்டு அப்புறம் என்னய நீக்குங்க."

"யாரக் கேக்குறது?"

"வலைக்காரர் மக அடுத்த மாசம் மதுரைக்குப் படிக்க வருது."

பொம்பளப்புள்ளயா என்று ஒரு கூட்டமே சிரித்தது. அம்புரோஸ் மாமா எரிச்சலோடு, "கூட்டிட்டு வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டார். அவர் வாயால் சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 20

றெஜி வந்து இரண்டு வாரம் ஆகிறது. மதுரையில் விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று அவளும் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா பெரிய துண்டு மீனை அவள் தட்டில் வைத்தாள். நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

இன்று காலை சங்கம். மண்டபம் நிரம்பியிருந்தது. அவளுக்காக நான் தயாரித்துவைத்திருந்த பேச்சை வாசலில் நீட்டினேன். வாங்கவில்லை. "நீ கதைக்காத. நான் எனக்குத் தெரிஞ்சதைக் கதைக்கிறன்" என்றாள்.

ஒலிபெருக்கி முன் நின்றாள். துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் றெஜினா. பூவரசந்துறை யேசுதாசன்ர மகள். எங்கட அப்பாட்ட மூண்டு வலை இருந்தது" என்று ஆரம்பித்தாள். மார்ச் இருபதைச் சொன்னாள். ஆறிப்போன தேநீரைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் தம்பி பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவோடு கடலுக்குப் போவதைச் சொன்னாள். அது எனக்கே தெரியாது. என்னிடம் அவள் சொன்னதில்லை. ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

மிக்கேல் என்பவர் எழுந்து, "எங்க ஆளுங்க உங்க ஊரு செயில்ல கெடந்தது தெரியுமா ஒனக்கு?" என்று கத்தினார்.

"தெரியாது. சொல்லுங்கோ. கேக்கத்தான் வந்தனான்" என்றாள் றெஜி.

அவர் சொல்ல ஆரம்பித்தார். கத்தலாகத் தொடங்கியது போகப்போகக் கதையாகிவிட்டது. அவருடைய மகன் ஆறு மாதம் உள்ளே இருந்திருக்கிறான். மருமகள் பிரசவத்துக்கு அவன் இல்லை. றெஜி நின்றபடியே முழுவதையும் கேட்டாள். யாரோ அவள் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளினார்கள்.

அவர் முடித்து உட்கார்ந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், எங்கள் படகை விட்டுப் போன ஸ்டீபன் அண்ணன்தான், எழுந்து கேட்டார்:

"ஏம்மா, நீங்க எந்தெந்த மாசத்துல, எவ்வளவு தூரத்துல வலை போடுவீங்க?"

றெஜி சொன்னாள். இன்னொருவர் எந்த வலை என்று கேட்டார். இன்னொருவர் இரவில் மிதவைக்கு விளக்கு உண்டா என்று கேட்டார். அம்புரோஸ் மாமா ஒரு ஆளை அனுப்பிக் கடல் வரைபடத்தை எடுத்துவரச் சொல்லி மேசையில் விரித்தார். எல்லோரும் சுற்றி நின்று குனிந்தார்கள். அப்பாவை நீக்குவதா வேண்டாமா என்று யாரும் பேசவில்லை. எதையும் தீர்மானிக்கவும் இல்லை.

கோயில் மணி மதியத்துக்கு அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. எல்லார் வீட்டிலும் கறி கொதித்துக்கொண்டிருக்கும். நான் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். சாப்பிட ஒருவரும் கிளம்பிப் போகவில்லை.